பலகைக்குக் கீழே ஒரு ஜோடி

கல்லாற்றங்கரையில் விசிலோடு நிற்கும் மலையாளக் காவல்காரர் அவர். தண்ணீரைவிட, கரையில் கழற்றிவிட்ட செருப்புகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். அங்கே ஒரு பலகை. அலைக்கு மேலே ஒரு தலை, தூக்கிய ஒரு கை, அவ்வளவுதான் படம். நீந்தலாம் என்று நினைத்து என் தம்பி இறங்கிவிட்டான். கரையில் புது ஜோடிச் செருப்பைக் கண்டதும் விசில் அலறியது.

"கேறி வா மோனே! அங்கே கயம், ஆழக் குழி!"

பாய்ந்துபோய் அவனை இழுத்து வந்தார்.

"நீந்தற படம்தானே போட்டிருக்கு?" என்றேன்.

"முங்கிச் சாகிறவன் சேச்சி அது. எல்லாரும் உங்களைப் போலத்தான் நினைக்காங்க. அதனாலத்தான் இதையும் தொங்கவிட்டேன்."

பலகைக்குக் கீழே, ஆணியில், வெயிலில் வெளுத்த ஒரு ஜோடி செருப்பு.

"எடுக்க ஆள் வரலை," என்றார்.

தம்பி குனிந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டான். இப்போது எந்தக் கரைக்குப் போனாலும் நானும் செருப்புகளைத்தான் முதலில் எண்ணுகிறேன்.