சரிவு மாறிய துளை

நிஜாமுக்கு எப்போதுமே, இன்னும் ஆள் குடிவராத புது வீடுகளில்தான் வேலை. சுவரில் தண்ணீர் இறங்காதபடி ஜன்னல் ஓரங்களில் பட்டை ஒட்டுவான், குழாய்களுக்குத் துளை போட்டு ஓரங்களை அடைப்பான், சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்து ஆறு வருஷம். அந்த வீடுகளில் பிறகு யார் சமைத்தார்கள், யார் சிரித்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

கிள்ளானில் ஒரு வீடு மட்டும் அவனைத் திரும்ப அழைத்தது. சுவரின் இருபுறமும் நுரைப் பலகை, நடுவில் கான்கிரீட் என்று கட்டிய வீடு. ஓய்வுபெற்ற நில அளவையாளர் சிவசம்பு அங்கே தனியாக இருந்தார். மழை பெய்தால் மேற்கு அறை ஜன்னலுக்குக் கீழே சுவர் நனைந்தது. காண்ட்ராக்டர் இரண்டு தடவை சிலிகான் பூசச் சொன்னார்; நின்றபாடில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜாம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனான்.

"அங்கிள், நீங்க உள்ளே நின்னு பாருங்க. தண்ணி தெரிஞ்சா கத்துங்க லா."

கீழிருந்து மேலாக, இடத்துக்குப் பத்து நிமிஷம் ஹோஸில் தண்ணீர் பிடித்தான். ஜன்னல் தாங்கியது. மேலே ஏசி குழாய் வெளியேறும் துளையில் பிடித்தபோதுதான் உள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, வருது!"

துளை உள்பக்கம் சரிந்திருந்தது. ஏணியில் நின்றபடி விரலை விட்டுப் பார்த்தான். பிறகு இறங்கி வந்தான்.

"நான் போட்ட துளைதான் அங்கிள். வெளிப்பக்கம் சாய்ச்சுப் போட்டிருக்கணும். தண்ணி நுரைக்குப் பின்னாலேயே ஓடி ஜன்னலுக்குக் கீழே வந்து நிக்குது."

திட்டு விழும் என்று காத்திருந்தான். சிவசம்பு அவன் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"சாப்பிட்டனீங்களோ?"

துளையின் வெளிவாயைக் கீழாக அறுத்துச் சரிவை மாற்றினான். குழாயைச் சுற்றிப் பட்டை ஒட்டி, அதன் மேல் ஒரு மூடி பொருத்தினான். பிறகு இருவரும் புட்டும் சம்பலும் சாப்பிட்டார்கள். தான் வேலை செய்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று நிஜாமுக்குத் தோன்றியது.

"திரும்ப ஒழுகினா கூப்பிடுங்க. கண்டிப்பா வரேன்" என்றான் வாசலில்.

நவம்பர் முழுக்கப் பெய்தது. ஒழுகவில்லை. நிஜாம் காஜாங்கில் புது சைட்டுக்கு மாறியிருந்தான். மழை பிடிக்கும்போதெல்லாம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். ஒரு நாள் சிவசம்புவிடமிருந்து படம் வந்தது: காய்ந்த சுவர், வேறொன்றும் இல்லை.

கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்றைப் பதிலாக அனுப்பினான். இன்னும் ஏதாவது எழுத வேண்டும் போலிருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல், பட்டைச் சுருளை எடுத்துக்கொண்டு காலி அறைக்குள் போனான்.