போஸ்டரின் கீழ் மூலை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் எனக்குத் தெரிந்த ஒருத்தியின் எழுத்து இருக்கும். பூப்புனித நீராட்டு விழா, காது குத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் அதே எழுத்துதான். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி போர்டில் இருக்கிறது. சுரண்டையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் இருக்கிறது. அதை வரைந்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. எழுத்து தானாக முளைக்கிறது என்று ஊருக்கு ஒரு நினைப்பு.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் போனில் கூப்பிட்டாள். அச்செழுத்துகளை வடிவமைத்தவர்களின் வரலாற்றில் பெண்களும், ஆண் பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காதவர்களும் எங்கே போனார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா மேடம் என்றாள். வரலாறெல்லாம் எனக்குத் தெரியாது, ஒருத்தியைத் தெரியும் என்றேன். அந்த ஒருத்தியைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். எழுது, பேர் மட்டும் போடாதே, என் பேர் இருக்க வேண்டிய இடம் வேறே என்று சொல்லிவிட்டாள். அவளுக்கே பேர் இல்லாத இடத்தில் மற்றவர்களுக்கு எதற்கு? ஆகையால் இதில் யாருக்கும் பேர் கிடையாது.

நான் தென்காசியில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனர். கல்யாண பிளக்ஸும் உண்டு, அவசரத்துக்குக் காகிதப் போஸ்டரும் அடித்துக் கொடுப்போம். கடைக்குள் வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். பிறகு என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, டிசைனர் தம்பி இல்லையாம்மா என்பார்கள். மவுஸ் என் கையில்தான் இருக்கும். ஆரம்பத்தில் நான்தான் டிசைனர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவேன். இப்போதெல்லாம், தம்பி துபாய் போயிட்டான், என்ன வேணும்னு என்கிட்டயே சொல்லுங்க என்கிறேன். அவர்களும் சரி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். என் நிலைமையே இது என்றால் அவள் நிலைமையைக் கேட்க வேண்டாம்.

அவள் திருநங்கை. சுரண்டைப் பக்கம் நெல் விளைகிற ஒரு கிராமத்தில் மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. அண்ணன் அடித்து விரட்டியதில் வீட்டைவிட்டு வந்து, குற்றாலத்தில் சீசன் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தாள். நேந்திரம் சிப்ஸ், எண்ணெய் மசாஜ், குளிப்பவர்கள் நகைகளைக் கழற்றி வைக்கவும். சீசன் முடிந்தால் வேலை கிடையாது. சாரல் ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். கடை முதலாளி, நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், நிமிர்ந்து பார்க்காமலே கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். கைதட்டிக் காசு கேட்க வந்தவள் என்று அவர் கணக்கு. அவள் அதை வாங்கவில்லை. ஒதுக்கிப் போட்டிருந்த பிளக்ஸ் துண்டைப் புரட்டி, வெள்ளைப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எங்கள் கடைப் பேரை எழுதி அவர் முன்னால் வைத்தாள். அண்ணாச்சி நோட்டை மெல்லக் கல்லாவுக்குள் போட்டுக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அப்படி வந்து சேர்ந்தாள். முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்கள் முறைத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லி, பிளைவுட் தட்டிக்குப் பின்னால், ஸ்கேனர் பக்கத்தில் அவளுக்கு மேஜை போட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, சண்டையும் போட்டேன். சண்டை வேண்டாம் என்று அவள்தான் என்னை அடக்கினாள். அங்கே உட்கார்ந்துதான், இன்று சுவரெல்லாம் இருக்கிற அந்த எழுத்துரு முழுவதையும் வரைந்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் தூரிகையால் எழுதுவாள், நான் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கோடு கோடாக எடுப்பேன். தமிழில் ஒரு தொல்லை உண்டு. கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி இறங்கும், டு, மு, து ஒவ்வொன்றுக்கும் தனிப் போக்கு. நான் சோம்பேறி. ஒன்றின் வாலை வெட்டி இன்னொன்றில் ஒட்டிவிடப் பார்ப்பேன். கண்டுபிடித்துவிடுவாள். எல்லாவற்றையும் மறுபடி வரையச் சொல்லி உயிரை வாங்குவாள். எங்களுக்குள் பேச்சு நின்றுபோன நாட்கள் கூட உண்டு, காரணம் ஊகாரக் கொம்பு.

எழுத்துரு முடிந்த அன்று, வடிவமைத்தவர் பேர் போடுகிற கட்டத்தில் என்ன போட என்று கேட்டேன். அவள் தன் பேரைச் சொன்னாள். வீட்டில் வைத்த பேர் இல்லை, அவளே தனக்கு வைத்துக்கொண்ட பேர். சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. அண்ணாச்சி இடையில் வந்து, எழுத்துருவுக்கும் கடைப் பேர்தான், வடிவமைத்தவர் என்ற இடத்திலும் கடைப் பேர்தான், அதுதான் தொழிலுக்கு நல்லது என்று முடித்துவிட்டார். அவள் தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். பென்டிரைவில் அந்த எழுத்துரு பக்கத்துக் கடைக்குப் போனது, அங்கிருந்து கடையநல்லூர் போனது, அப்புறம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. போகிற ஊரில் அந்தந்தக் கடைக்காரர் தன் மகன் பேரை வைத்துக்கொண்டார். இப்போது அந்த எழுத்துக்கு எத்தனை அப்பன்கள் என்று எண்ண முடியாது.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் இணையத்தில் ஒரு பேச்சைக் கேட்டேன். இங்கிலாந்தில் ஒரு பெரிய அச்செழுத்துக் கம்பெனியில் வரைகிற அறை முழுக்கப் பெண்களாம். உலகமெல்லாம் வாசித்த எழுத்துகளைச் சரிபார்த்து, பெரிதாக வரைந்து, அச்சுக்குத் தயார் செய்தது அவர்கள். பேர் வாங்கியது வேறு ஆட்கள். ஒரு படம் காட்டினார்கள். வரிசையாக மேஜைகள், வரிசையாகக் குனிந்த தலைகள். நான் அதை அவளிடம் காட்டினேன். போனை வாங்கி ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல என்ன மாதிரி ஒருத்தியாது இருந்திருப்பாளா யக்கா?" என்றாள்.

இருந்திருப்பாள், படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றேன். பெண்களின் பேரையே எழுதி வைக்காதவர்கள் அதையா எழுதி வைத்திருப்பார்கள்? அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அவளுடைய அப்பாவைப் பற்றி அவள் ஒரே ஒரு கதைதான் சொல்லுவாள். அண்ணன் விரட்டியபோது அப்பா தடுக்கவில்லை, விரட்டவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர், சிப்ஸ் கடை வாசலில் ஸ்டூல் மேல் ஏறி போர்டு எழுதிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டார். ஈரத் துண்டோடு அங்கேயே நின்றாராம். கடைசியில், மழையில நனையாத என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவள் இத்தனை நாளும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, கடை திறந்ததும் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். அப்பா தவறிவிட்டார், மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும், சாயங்காலம் எடுக்கிறார்கள் என்றான். போட்டோவையும், பேர்கள் எழுதிய தாளையும் கொடுத்தான். ஊர்ப் பேரை வாசித்தேன். அப்பா பேரை வாசித்தேன். இரண்டும் அவள் வாயால் கேட்ட பேர்கள். வந்திருப்பது அவளுடைய தம்பி. அவள் இங்கே வேலை பார்ப்பது அவனுக்குத் தெரியாது. தட்டிக்குப் பின்னால் தூரிகை கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

அவனை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். பிளக்ஸ் ரோல் மேல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"என் பேரு இருக்கா?" என்றாள்.

மனைவி, மகன்கள், மருமகள், பேரப்பிள்ளைகள், பங்காளிகள் என்று தாள் நிறைய ஆட்கள். அவள் இல்லை என்று தலையாட்டினேன்.

"பழைய பேரு?"

அதுவும் இல்லை. பெத்த மூணு பேரில் இரண்டு பேரைத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்திருப்பேன். அவள் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

"போஸ்டர நான் பண்ணுதேன். நீ தள்ளு யக்கா."

பேர்கள் எல்லாவற்றையும் எழுத்துருவிலேயே அடித்தாள். விரட்டிய அண்ணன் பேரில் இரண்டு எழுத்துக்கு நடுவில் இடைவெளி கூடுதலாக இருந்தது, அதையும் சரி செய்தாள். அப்பா பேருக்கு மட்டும் எழுத்துரு போதவில்லை. தாளை எடுத்துத் தூரிகையால் எழுதினாள், சரியில்லை என்று கசக்கினாள், மறுபடி எழுதினாள். அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் எழுதியதை நான் ஸ்கேன் செய்தேன். அவ்வளவு பெரிய, அவ்வளவு நிதானமான எழுத்தை அவள் அதற்கு முன் எழுதி நான் பார்த்ததில்லை.

எந்தப் போஸ்டரிலும் வலது கீழ் மூலையில் செய்த கடையின் பேர் பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாக் கடைக்கும் இந்த வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்கள் அதில் தலையிட மாட்டார்கள், அது கடைக்காரன் இடம். நான் அண்ணாச்சியிடம் போய், இந்த ஒரு போஸ்டரில் அந்த இடத்தை அவளுக்குக் கொடுங்கள் என்றேன். கெஞ்சவில்லை, கொஞ்சம் மிரட்டலாகவேதான் கேட்டேன். அவர் தட்டிப் பக்கம் பார்த்தார்.

"என் கடை பேரு ஊரு பூரா கெடக்கு. அவ பேரையே போடு," என்றார்.

மூலையில் ‘எழுத்து’ என்று போட்டு, பக்கத்தில் அவள் பேரை நானே அடித்தேன். தம்பி வந்து மாதிரித் தாளைக் கையில் வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு பேராகச் சரிபார்த்துக்கொண்டே வந்தான். விரல் மூலைக்கு வந்து நின்றுவிட்டது. அந்தப் பேர் அவனுக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள், அம்மா குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஒரு தடவை போனை எடுத்தது இவன்தான், யார் என்று கேட்டவனிடம் அந்தப் பேரைச் சொல்லியிருந்தாள்.

இங்கனதான் இருக்காளா என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். அண்ணன் பார்த்தால் கிழித்துவிடுவான், மாமாமார் வேறு இருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள் என்றான். மூலை கடைக்காரன் இடம், கேட்பவர்கள் இங்கே வந்து கேட்கட்டும் என்று சொன்னேன். அவன் தாளை மேஜையில் வைத்தான்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லக்கா," என்றான். "பேரு இருக்கட்டும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். நாலடி தூரம் இருக்காது. இரண்டு பேரும் நகரவில்லை. இரண்டு பேரையும் தலையில் குட்ட வேண்டும் போல எனக்கு இருந்தது. போஸ்டர் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

சாயங்காலம் என் ஸ்கூட்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊர் முகப்பில் பஸ் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். உள்ளே மேளச் சத்தம் கேட்டது. மகனாகப் போனால் சுடுகாடு வரை போகலாம், மகள் என்றால் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், நான் எங்கே நிற்க என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப் சுவர் நீளத்துக்கும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. அவள் சுவரை ஒட்டி நடந்து பார்த்துக்கொண்டே போனாள். திடீரென்று நின்று, என்னைக் கூப்பிட்டாள்.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் எப்போதும் ஒன்றின் ஓரத்தின் மேல் அடுத்ததை ஏற்றி ஒட்டிக்கொண்டே போவார்கள். கடைப் பேர் இருக்கிற மூலை அடுத்த போஸ்டருக்கு அடியில் போய்விடும், வரிசையில் கடைசியாக ஒட்டியதில் மட்டும்தான் அது தெரியும். எத்தனையோ சாவுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறோம், எல்லா ஊரிலும் இப்படித்தான். இந்தச் சுவரில் ஒவ்வொரு போஸ்டருக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டிருந்தது. ஒரு மூலை கூட மறையவில்லை. சுவர் முழுக்க, ஒவ்வொரு அப்பாவின் காலடியிலும் அவள் பேர் இருந்தது.

அவள் அந்த இடைவெளியில் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"என் தம்பி ஒட்டுனது," என்றாள்.

பிறகு பசை ஈரத்தைப் பார்க்காமல் சுவரில் நெற்றியை வைத்து, யப்பா என்று அழ ஆரம்பித்தாள்.