பெண்கள் பக்கத்து வாசல்

பாப்பா, தம்பி, இதை நேரில் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் சிரிப்பாள். அதனால் எழுதுகிறேன்.

மாமல்லபுரம் போக நாம் பஸ் மாறும் நிறுத்தத்தில் ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறதே, அதைக் கட்டிய கொத்தனார் நான்தான். சித்தாள் உங்கள் அம்மா. இதுவரை சொன்னதில்லை. பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. சுவரில் சிற்பம் மாதிரி டைல்ஸ் பதித்திருக்கிறோம். கைப்பிடியோடு சாய்தளம் இருக்கிறது. அது ஏறி முடிகிற இடத்தில் ஒரு படியும் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர் அதுவரை வந்து, டைல்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ஆண்களுக்கு வெட்கம் அதிகம் என்பது பிளான் போட்ட இன்ஜினியருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் வாசலைப் பின்பக்கம், கடலைப் பார்த்து வைத்தார். பெண்கள் வாசலை நேரே டீக்கடை பெஞ்சைப் பார்த்து வைத்தார்.

அஸ்திவாரம் தோண்டும்போதே உங்கள் அம்மா கேட்டாள்: "இன்னா சார், லேடீஸு வாசல அந்தாண்ட வெக்கலாமே? இங்க எல்லாரும் குந்திகினு பாப்பாங்க."

"அதுக்குத்தாம்மா. நாலு பேர் பார்வையில இருந்தாத்தான் பாதுகாப்பு," என்றார் அவர்.

"நாலு பேரு பாக்கசொல்ல எவ உள்ள போவா?"

நான் புருஷனாயிற்றே, சும்மா இருப்பேனா? "உனுக்கு இன்னா தெரியும்? படிச்சவரு சொல்றாரு. போய் கலவையப் போடு," என்றேன். போட்டாள். வேலை முடியும்வரை அவசரத்துக்கு அவள் ஒதுங்கியது எதிரே இருந்த சவுக்குத் தோப்பில்தான். கழிப்பறை கட்டுகிறவளுக்கும் அந்த அவசரம் வரும் என்று பிளானில் போடவில்லை.

பாப்பா, அதே நிறுத்தத்தில் பஸ் மாறிக் கேளம்பாக்கம் காலேஜுக்குப் போக ஆரம்பித்த நீ, போன மாதம் காய்ச்சலில் படுத்தாய். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டரம்மா. தண்ணீர் குடிக்காமலே இருந்தால் திரும்பத் திரும்ப வரும், கிட்னிக்கே ஆபத்து என்றார். வீட்டுக்கு வந்ததும் உன்னைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"பாட்டல் ரொப்பினபடியே திரும்பி வருதே, குடிக்கறதுக்கு இன்னா கேடு?"

"குடிச்சா போவணும் நைனா. அந்த ஸ்டாப்புல எப்டிப் போறது? கதவாண்ட போனாலே மொத்த டீக்கடையும் திரும்புது. எந்த அறிவாளி கட்டுனானோ!"

உங்கள் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அறிவாளி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பழைய தகரம் இரண்டு, மூங்கில் கழி மூன்று. பெண்கள் வாசலுக்கு முன்னால் ஒரு ஆள் நுழைய இடம் விட்டுக் குழி தோண்டிக் கழிகளை நட்டேன்.

"அண்ணாத்த, இன்னா பண்ற? காத்து வர்ற வழிய அடைக்கிறியே!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

தகரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு முனையிலும் கட்டுக்கம்பியை முறுக்கி இறுக்கினேன்.