பழனிசாமிக்குப் போன மேற்கோள்கள்: கோவையிலிருந்து சோலூர் வரை

ஊட்டிக்குக் குளிர் அனுபவிக்கப் போகிறவர்கள் உண்டு. நான் போனது என் பெயருக்குச் சாட்சி தேடி. பசுந்தேயிலை விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாமல் கிடந்த காலம் அது.

கணினிப் பாதுகாப்பு என் துறை. கட்டுரை எழுதினால் போதாது, மற்றவர்கள் அதை மேற்கோள் காட்ட வேண்டும். அதுதான் எங்களுக்கு மார்க்கெட். நம் ஊரில் ஏது குடும்பப்பெயர்? முதல் கட்டுரை அனுப்பியபோது ‘கடைசிப் பெயர்’ கேட்டார்கள். ‘ப’ என்ற இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். உலகம் என்னை ‘பழனிசாமி’ என்றே எழுதியது. கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கவிதா செந்தில் ஆனேன். பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால், மேற்கோளெல்லாம் பழனிசாமிக்கு, வேலை கேட்பது கவிதா செந்தில்! இருவரும் ஒருவரே என்று பிறந்த ஊரிலிருந்து சான்று வேண்டுமாம். திங்கட்கிழமை நேர்காணல்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கோவை மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பஸ். ஊட்டி எண்பத்தாறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பர்லியாரில் கால் மணி நேரம் நிற்கும், டீ குடித்துக்கொள்ளலாம். குன்னூர் தாண்டியதும் கிளை வெட்டிக் கவாத்து செய்யாத தேயிலைச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஊட்டியில் பஸ் மாறி, நான் பிறந்த சோலூரில் இறங்கினேன். அப்பா வேட்டிமேல் ஸ்வெட்டருடன் கிராம நிர்வாக அலுவலகத்தில் காத்திருந்தார். அரை ஏக்கர் தேயிலை அவருக்கு.

அலுவலர் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் கொடுத்த கட்டுரைகளின் அச்சுப் பிரதிகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், சத்தம் போட்டுப் படித்தார்.

“பழனிசாமி அட்டாக்! ஏனுங்க பழனிசாமி, எங்கீங்க போய் அட்டாக் பண்ணுனீங்க?”

நான் கண்டுபிடித்த தாக்குதல் முறைக்கு என் துறையில் அதுதான் பெயர். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மணி, இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். நாம ஆருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்லை. எம்பேர இப்பிடியா கெடுப்பே?”

ஐயோ கடவுளே! தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் கையெழுத்து இல்லாமல் சான்று இல்லை. சான்று இல்லாமல் வேலை இல்லை.

“அப்பா, பூட்டுல ஓட்டை இருக்குதுன்னு பூட்டுக்காரன்கிட்டயே சொன்னேனுங்க. திருடலீங்க.”

“சொன்னயல்ல? அடைச்சாங்களா?”

“அடைச்சுட்டாங்க. எப்பிடி அடைச்சோம்னு அவங்க எழுதற கட்டுரையும் உங்க பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்குதுங்க.”

“எத்தனை பேரு அப்பிடி எழுதியிருக்காங்க?”

“நூத்துக்கணக்குல இருக்குமுங்க.”

அப்பா அலுவலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இலைய வாங்க ஆளில்லாத காலத்துல பேருக்கு இத்தனை கிராக்கியா!” என்று பேனாவை எடுத்தார். அலுவலர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சோலூருக்குப் பஸ் குறைவு, இறங்கும்போதே திரும்பும் பஸ்ஸை விசாரித்துக்கொள்ளுங்கள். மதியமே பனி இறங்கும், ஸ்வெட்டரைப் பைக்குள் புதைக்காதீர்கள். ஆராய்ச்சி செய்யும் பெண்களே, முதல் கட்டுரையில் போடும் பெயரை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் என்ன சொன்னாலும் சரி.

வேலை கிடைத்தது. அறைக் கதவில் எந்தப் பெயர் எழுதுவது என்று கேட்டார்கள். கவிதா பழனிசாமி என்றேன். செந்தில் இரண்டு நாள் உம்மென்று இருந்தார், பிறகு சரியாகிவிட்டார். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “கதவுலயா எழுதியிருக்குது?” என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம், “இலை லாரி வந்துருச்சு அம்மணி, வெச்சர்றேன்” என்று வைத்துவிட்டார்.

ஃபாக்டரி இலை எடுப்பதை நிறுத்தியிருந்தது. அந்த வாரம் எங்கள் ஊருக்கு லாரியே வரவில்லை.