மணிக்கட்டுச் சந்தனம்

கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது அருப்புக்கோட்டையில் அத்தர் விற்ற ஜமால் மைதீனுக்கு நடந்தது. பேச்சில் நாலு கலப்பார், சரக்கில் கலக்க மாட்டார். இதைச் சொன்னபோது பேச்சிலும் கலக்கவில்லை.

அவரிடம் ஒரே அத்தர்தான். வெறும் சந்தனம். பூ கிடையாது, கஸ்தூரி கிடையாது. தறிக்காரர் சௌடப்பன் முகர்ந்துவிட்டு, "என்ன பாய், என் தறிக்கட்டை வாசம் அடிக்குது" என்பார்.

"பொறுங்க மொதலாளி. நான் ஊத்துனது பாதி. மீதியை உங்க தோலுதான் சமைக்கணும்."

உண்மைதான். தடவியதும் பச்சை மரத்தை அறுத்த நெடி. உடம்புச் சூடு ஏற ஏறக் காய்ச்சிய பால் மணம். அந்தியில் மரம் போய், ஆளின் மணமே மிஞ்சும். அவர் மனைவி ரஹ்மத் நிஷாவின் மணிக்கட்டில் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் பால் மணம் வந்துவிடும். புதுச் சரக்கு எது வந்தாலும் முதல் சொட்டு அந்தக் கையில்தான். அதுதான் அவருக்கு உரைகல்.

சண்டைக் காலம், 1943. நிஷா திருச்சுழியில் தாய் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தாள். காலையில் ஆள் வந்தது. "உடனே வரச் சொன்னாக."

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. டிரைவர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். ஜமால் மைதீன் இறங்கி நடந்தார். நடையா அது, ஓட்டம்.

"யா அல்லா, எதை வேணா எடுத்துக்க. அவளை மட்டும் விட்டுரு."

உச்சி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

ஒற்றைக் கருவேல மரத்தடியில் நிஷா நின்றாள்.

வெள்ளைத் துப்பட்டி. வெறுங்கால். அந்தச் சூட்டில் காலை மாற்றி வைக்கவில்லை.

"எந்திரிச்சுட்டியா புள்ள?"

"உங்களைப் பாக்கத்தான் மச்சான் வந்தேன். அத்தர் போட்டு விடுங்க."

சீசாவைத் திறந்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டு. தேய்த்தார். பச்சை மர நெடி.

மடியிலிருந்த வெற்றிலையைப் போட்டு மென்றார். குனிந்து முகர்ந்தார்.

பச்சை மரம்.

மென்று முடித்தார். முகர்ந்தார்.

பச்சை மரம்...

அந்தக் கையில் பொட்டு வியர்வை இல்லை. சூடும் இல்லை.

புரிந்துவிட்டது. ஓடியிருக்கலாம். அவர் பிடியை விடவில்லை.

"வீட்டுக்கு வா நிஷா."

"இப்படியே வந்தாச் சம்மதமா?"

ஆயுளில் எந்தப் பேரத்தையும் முதல் சொல்லில் முடித்தவரில்லை அவர்.

"சம்மதம்."

கையில் கை இல்லை... வெயில்தான் இருந்தது.

திருச்சுழியில் மாமியார் ரசூல் பீவி வாசலுக்கே ஓடி வந்தார். "உச்சியில மூச்சு அடங்கிருச்சு மாப்ளே. கபன் துணிக்கே ஆள் அனுப்பிட்டோம். பொசுக்குன்னு கண்ணு முழிச்சுட்டா."

உள்ளே நிஷா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஜமால் மைதீன் அழுதுகொண்டே அவள் கையை எடுத்து முகத்தில் வைத்தார்.

பச்சை மரம்.

"யாரு மாமி அத்தர் போட்டது?"

"அத்தரா? இந்த வீட்டுல ஏது?"

அதன் பிறகு நிஷாம்மா வெகுகாலம் இருந்தார். சமைத்தார், சண்டை போட்டார், பேரன் பேத்தி எடுத்தார். ஜமால் மைதீன்தான் அதற்குப் பிறகு புதுச் சரக்கை அந்தக் கையில் பார்க்கவேயில்லை.

எங்கள் ஜவுளிக் கடைக்கு அந்தம்மா துணி எடுக்க வருவார். அவர் சேலையைப் புரட்டும்போது எதிரில் நின்று அந்தக் கையின் வாசத்தை நானே முகர்ந்திருக்கிறேன். அத்தனை வருஷம் கழித்தும்...

இப்போதுதான் அறுத்த மரம்.