அழுத்தினால் பெரிதாகும்

எங்கள் தெருவில் மருதாணி வைக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வலைத்தளம் வைத்திருந்தவள் நஃபீசா அக்கா ஒருத்திதான். அப்போது திருத்துறைப்பூண்டியில் வலைத்தளம் என்றால் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. மீதிப் பேருக்கு அது ஆம்பளைப் பிள்ளைகள் கெட்டுப்போகிற இடம். அதில் ஒரு குடும்பப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்ட வாய்களையெல்லாம் நான்தான் அடைத்தேன். எனக்கும் அது ஏனென்று புரியாது, அது வேறு விஷயம்.

நஃபீசா எனக்கு ஓர்ப்படி. என் வீட்டுக்காரரின் அண்ணன் கலந்தருக்கு வாழ்க்கைப்பட்டவள். அண்ணனும் தம்பியும் சவூதியில், தம்மாமில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் இங்கே ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் ரிஃப்காவை நான் பெற்றேன், அவள் வளர்த்தாள். காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பெண் "பெரியம்மா" என்றுதான் முனகும். எனக்கு வயிறு எரியும்.

மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து அரபிப் பூ போடுவார்கள். அக்காவுக்குப் புத்தகம் ஆகாது. சம்பாக் கதிர், நாற்று முடி, உள்ளங்கை ரேகையோடு சேர்ந்து வளைந்து போகிற வாய்க்கால் என்று அவள் பாட்டுக்குப் போடுவாள். மருதாணிக் கோன் வந்ததோடு இன்னொரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் கையில் கொடிக்குள் மாப்பிள்ளை பெயரை ஒளித்து எழுத வேண்டும். நிக்காஹ் முடிந்த பிறகு மாப்பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நஃபீசா அக்கா ஒளித்தால் மாப்பிள்ளைமார் கண் பூத்துப்போவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஆனால் என்ன வைத்து என்ன? நாலு நாள் பாத்திரம் தேய்த்தால் வெளுக்க ஆரம்பித்துவிடும். மாடிக் கட்டடம் எழும்புவதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி கலந்தர் மச்சான் ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்தார். அக்கா சுவரைப் படம் எடுக்காமல் கைகளை எடுத்தாள். பஸ் ஸ்டாண்ட் அருகில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பரிதியிடம் போய், "இத யாரும் அழிக்க முடியாத எடத்துல வைக்க முடியுமா தம்பி?" என்று கேட்டாளாம்.

பரிதி வயல் வேலைக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. அவன் அப்பா இராஜாங்கம் எங்கள் மாமனார் நிலத்தில்கூட நடவுக்கு வந்திருக்கிறார். பையன் எம்.சி.ஏ. முடித்துவிட்டு சென்டர் போட்டிருந்தான். இலவசமாக இடம் தருகிற ஒரு கம்பெனியில் அக்காவுக்குப் பக்கம் திறந்து கொடுத்தான். "நஃபீசாவின் கை" என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் தெருப் பெண்கள் படம் எடுக்கச் சும்மா கையை நீட்டிவிடவில்லை. ஆம்பளைகள் வந்து உட்காருகிற சென்டர் கம்ப்யூட்டரில் எங்கள் கை கிடக்கக் கூடாது என்றார்கள். அக்கா அல்லாஹ் மேல் ஆணையாக வாக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் படத்தை ஏற்றி முடித்ததும் பரிதி கம்ப்யூட்டரிலும் கேமராவிலும் அவள் கண்முன்னாலேயே அழித்துவிட வேண்டும். உலகம் பூரா பார்க்கலாம், பஸ் ஸ்டாண்டில் உட்காருகிறவன் பார்க்கக் கூடாது. இதுதான் எங்கள் தெரு நியாயம். பரிதி சிரித்துக்கொண்டே அழித்துக் கொடுப்பான்.

வருஷக்கணக்கில் படங்கள் சேர்ந்தன. இணைப்பு அப்போது மெதுவாக இருந்ததால் பக்கத்தில் எல்லாம் தபால் தலை அளவில்தான் தெரியும். பினாங்கிலிருந்து ஒரு பெண், "அழகாத்தான் இருக்கும்போல, கண்ணுக்குத்தான் ஒண்ணும் தெரியலை" என்று எழுதியிருந்தாள். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பிராட்பேண்ட் வந்ததும் பரிதியைப் பிடித்துக்கொண்டாள். பெரிய படங்கள் முதலிலிருந்தே உள்ளே இருந்தன, திறந்துவிட்டால் போதும் என்றான் அவன். கல்யாணக் கை, வளைகாப்புக் கை, பிள்ளைகள் கை என்று பக்கங்களைப் பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் "அழுத்தினால் பெரிதாகும்" என்று எழுதினார்கள். அந்த வாரம் முழுக்க வீட்டில் குழம்புக்கு உப்பு இல்லை.

இங்கே ரிஃப்கா கதையைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இரண்டு தடவை கல்யாண மருதாணி வைத்தோம்.

முதல் தடவை மாப்பிள்ளை பெயர் ஷஹ்பாஸ். மலேசியாவில் இருந்தான். அக்கா அந்த இரண்டு கைகளுக்கு ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொண்டாள். அவள் வைத்ததிலேயே அதுதான் உயர்ந்தது, அதை நானும் சொல்வேன். மறுநாள் காலை பந்தலில் பிரியாணி தம் போட்டிருக்கும்போது, மாப்பிள்ளை விமானமே ஏறவில்லை என்று போன் வந்தது. அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததாம். பாவி. நான் என் மகளைக் கிணற்றடியில் உட்கார வைத்து எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் கையைத் தேய்த்தேன். தோல் கன்றியது, சிவப்பு போகவில்லை. அவள் அழக்கூட இல்லை. நான்தான் அழுதேன்.

அப்புறம் காரைக்காலிலிருந்து ஃபாஜில் வந்தான். துபாயில் வேலை, தங்கமான பையன். அவன் வீட்டாரிடம், "முன்னாடி ஒரு பேச்சு வந்துச்சு, நின்னுபோச்சு" என்று மட்டும் சொன்னோம். பந்தல் வரைக்கும் வந்ததைச் சொல்லவில்லை. நிக்காஹ் முடிந்த அன்று அவன் ரிஃப்கா கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் தன் பெயரைத் தேடினான். மணிக்கட்டில் இட்லிச் சட்டி ஆவி பட்ட பழைய தழும்பு ஒன்று வளைந்து இருக்கும். அதற்குப் பிறை என்று பெயர் வைத்தான். கடைசியில் மோதிர விரலுக்கு அடியில் கதிருக்குள் பெயரைக் கண்டுபிடித்ததும், அக்காவைப் பார்த்து, "இனி எந்தக் கைய காட்டினாலும் கண்டுபிடிச்சுடுவேன் பெரியம்மா" என்றான். அவள் பூரித்துப்போனாள். அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஆம்பளைகள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், சென்டர் காலியாக இருக்கும். எங்கள் பெண்கள் போகிற நேரம் அதுதான். பெரிதாக்கிய தளத்தை எனக்குக் காட்ட அக்கா அப்போதுதான் கூட்டிக்கொண்டு போனாள். பரிதி கடை பூட்டியிருந்தது. சிங்கப்பூர் வேலைக்கு மெடிக்கல் எடுக்கத் திருச்சிக்குப் போயிருந்தான். எதிரே நடராசன் சென்டருக்குப் போய் தடுப்புக்குள் உட்கார்ந்தோம்.

"ஃபாஜிலுக்கு நேத்தே போன்ல சொல்லிட்டேன். இன்னைக்கு லீவுதானே, தொழுதுட்டு வந்து பாக்குறேன்னான்" என்றாள் அக்கா. கல்யாணக் கை பக்கத்தைத் திறந்து ஃபாஜிலுக்காக வைத்த கையை அழுத்திக் காட்டினாள். திரை நிறையக் கை வந்தது. மாஷா அல்லாஹ், கதிரில் மணி எண்ணலாம்போல இருந்தது. நான் சும்மா இருக்காமல் பக்கத்தில் இருந்த இன்னொன்றை அழுத்தினேன்.

மணிக்கட்டில் பிறை. மோதிர விரலுக்கு அடியில், கதிருக்குள், ஷஹ்பாஸ்.

தபால் தலையாக இருந்தவரைக்கும் அது யாரோ ஒரு பெண்ணின் கை. இப்போது என் மகளுடைய கை, அதில் வேறொருவன் பெயர். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"நல்ல கைன்னு வச்சேன் ஹபீபு. பேர நான் மறந்தே போயிட்டேன்."

"அவன் மறக்க மாட்டான்கா. எங்க பாக்கணும்னு நீதானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்த" என்றேன். அந்த நேரத்தில் அவளை அறைந்திருப்பேன்.

பரிதிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். திரும்பத் திரும்பப் போட்டாள், அதே பதில். ஒரு படத்தை மட்டும் எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. அதெல்லாம் அவன் செய்கிற வேலை. உள்ளே நுழைகிற கடவுச்சொல் மட்டும் தெரியும்.

"நடராசன கேட்போமா?"

"கேட்டா எந்தப் படம், ஏன்னு கேட்பான். சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். எவன்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன்.

"ஃபாஜிலுக்கே போன் பண்ணி, இன்னைக்குப் பாக்காதன்னா?"

"அப்பதான் பாப்பான்."

பாங்கு ஓய்ந்து குத்பா பிரசங்கம் கேட்டது. துபாயில் இன்னும் தொழுகை ஆரம்பித்திருக்காது. எங்களுக்கு இருந்தது அந்த நேரம் மட்டும்தான். ரிஃப்கா கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. மறுபடியும் அவள் அந்தக் கிணற்றடியில் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது. அல்லாஹ்வே, ஏதாவது வழி காட்டு என்று நான் விசும்ப ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா கடவுச்சொல் போட்டு உள்ளே போனாள். ஏதேதோ அழுத்திப் பார்த்தாள். அம்பு அங்குமிங்கும் அலைந்தது. கடைசியில் ஒரு இடத்தில் நின்றது. "இத மட்டும் எந்தக் காலத்திலயும் தொடாதீங்கக்கான்னு சொல்லியிருக்கான்" என்றாள். தளத்தை முழுசாக அழிக்கிற இடம் அது.

"முழுசாவா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

வேறெங்கும் ஒரு படமும் இல்லை என்பது எனக்கும் தெரியும். பரிதி கம்ப்யூட்டரிலும் கேமராவிலும் அவளே முன்னால் நின்று அழிக்க வைத்தாளே. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை, என் மனசில் ரிஃப்கா மட்டும்தான் இருந்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. அக்கா பிஸ்மி சொல்லி அழுத்தினாள். பக்கம் வெறுமையானது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதாள்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஃபாஜில் பேசினான். நான்தான் எடுத்தேன்.

"என்ன மாமி, பெரியம்மா பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. வந்ததும் முதல் வேலையா பாத்தேன், காணோம்."

"ஏதோ கோளாறாம் தம்பி."

"சரி பண்ணச் சொல்லுங்க. ரிஃப்காவோட ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும் நான்."

"ரெண்டா?"

"முன்ன ஒரு கல்யாணத்துக்கு வச்சாங்களே, அதும். மொத நாளே எல்லாம் சொல்லிட்டாளே மாமி. அந்தக் கைதான் பெரியம்மா வச்சதிலேயே அழகுன்னு சொல்றா. நான் ஒத்துக்கல, பந்தயம் கட்டியிருக்கோம்."

ஃபாஜில் துபாய் போனதிலிருந்து ரிஃப்கா எங்களோடுதான் இருந்தாள். நான் ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் பேசி முடித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றாள்.

இரவு திரும்பி வந்த பரிதி அந்தக் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தான். அழித்தது அழித்ததுதான் என்று பதில் வந்தது. வேறு தளம் திறக்கலாம் என்று சிங்கப்பூர் போகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். "எத வைக்கிறது தம்பி?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

அவள் கோனைத் தொடாமலே இருந்தாள். ஒரு நாள் ரிஃப்கா அவள் எதிரில் போய் உட்கார்ந்து வெறும் கையை நீட்டினாள். "வைங்க பெரியம்மா. அந்த மொதக் கை மாதிரியே. அவர் வரும்போது நானே காட்டிக்கிறேன்" என்றாள்.

அக்கா மறுக்கவில்லை. கோனை எடுத்து மணிக்கட்டில் பிறையைச் சுற்றிக் கொடி ஆரம்பித்தாள். உள்ளங்கையில் வாய்க்காலை இறக்கினாள். நடுவில் நின்றுவிட்டாள். கையைத் திருப்பினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், மறுபடியும் வைக்கப் போய் நிறுத்தினாள். ரிஃப்கா கையை அசைக்காமல் காத்திருந்தாள்.

"வாய்க்கால் இங்கேருந்து எப்படித் திரும்புச்சுன்னு தெரியலையே தங்கம்" என்றாள் அக்கா. "படம் இருந்தா பாத்துப் போட்டுடுவேன்."