நாலு கப்பும் கஞ்சிவெள்ளமும்

அறிவியல் டீச்சர். கடைசி பெஞ்சில், பாடத்தைப் பார்வையிட நோட்டும் பேனாவுமாக ஹெச்.எம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர். வாசல் பக்கம் நான், சத்துணவுக்கு உதவிக்கு நிற்பவள்.

முட்டைக் கணக்கு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். "பாடம் முடியட்டும், நில்லுங்க" என்றார் ஹெச்.எம். நின்றேன்.

மேசையில் எட்டு பிளாஸ்டிக் கப். எல்லாம் சிறுபயறு முளைக்கப் போட்டது. வெளிச்சம் செடியை என்ன செய்யும் என்று பார்க்க நாலை ஜன்னலிலும் நாலை அலமாரிக்குள் இருட்டிலும் வைத்திருந்தார்கள். இருட்டில் இருந்தது வெளுத்து நீண்டு நின்றது. ஜன்னலில் இருந்தது அழுகிப்போயிருந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, சோறு வடித்த கஞ்சிவெள்ளத்தை ஜன்னல் கப்பில் விட்டது நான். வீட்டில் கறிவேப்பிலைக்கு அதுதான் விடுவேன். நல்லா தழைக்கும். இது பள்ளிக்கூடத்தில் உப்புப் போட்டு வடித்த கஞ்சி. விடும்போது அது நினைப்பில்லை.

முன்னே ஒருதரம் போர்டில் இருந்ததைத் தெரியாமல் அழித்துவிட்டேன். இனி வகுப்புச் சாமானைத் தொட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார்.

"என்ன நடந்துது? எதை வச்சுச் சொல்லுதீங்க?" டீச்சர் கேட்டார்.

"வெளிச்சம் பட்டா செடி செத்துப்போவும் டீச்சர்" என்றான் ஒருத்தன்.

"அப்போ உங்க விளைல வாழை எல்லாம் இருட்டிலயாலே நிக்கி?" என்றாள் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவைப் பார்த்தேன்.

அவள் எழுந்து போய் ஒரு கப்பை மோந்தாள். முகம் சுளித்தாள். பென்சிலால் மண்ணைக் கிண்டினாள்.

"டீச்சர், சோத்துப் பருக்கை! யாரோ கஞ்சிவெள்ளம் விட்டிருக்காவ."

"ஏட்டி, ஒனக்க டிபன்ல இருந்து விழுந்திருக்கும்" என்றான் அவன்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்லா?" என்றாள் அவள்.

"இங்க அது போதாது மக்கா. எட்டையும் கிண்டிப் பாரு" என்றார் டீச்சர்.

கிண்டினார்கள். பருக்கையை எண்ணிச் சொல்லச் சொல்ல டீச்சர் போர்டில் எழுதினார். ஜன்னல் கப் நாலிலும் பருக்கை இருந்தது. இருட்டில் இருந்த கப்பில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஒவ்வொருத்தராய் என் பக்கம் திரும்பினார்கள்.

"நான்தான் விட்டேன்" என்றேன்.

ஹெச்.எம். பேனாவைத் திறந்தார்.

"உப்பு போட்டதா அக்கா?" அந்தப் பையன் கேட்டான்.

"போட்டது."

டீச்சர் அதையும் போர்டில் எழுதினார்.

"செடிக்குச் சத்துன்னுதான் அக்கா விட்டிருப்பாவ டீச்சர்" என்றாள் அந்தப் பிள்ளை.

டீச்சர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். "அதுக்கு ஆதாரம்?"

பிள்ளை மறுபடியும் கப்புக்குள் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல டீச்சர்."

என்னிடமும் காட்ட ஒன்றுமில்லை.

ஹெச்.எம். ஒரு தாளை நீட்டினார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம். முட்டை நோட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் எண்ணிச் சொன்னதையும் அடியில் எழுதியிருந்தார்.

பருக்கை பதினொன்று.